சத்தமே இல்லை என்று எழுதியவன்

அந்தக் கார்டைப் பற்றி நான் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியது ஒரே ஒரு வரிதான். "மூணு மணி நேரம் ஓட்டிப் பாத்தாச்சு, சத்தமே இல்லை." அந்த ஒரு வரியை வைத்து ஆறு மாதம் என்னை ஓட்டினார்கள். ஆரம்பித்து வைத்தவன் ஒருவன். மற்றவர்கள் கூடச் சேர்ந்து சிரித்தார்கள், அவர்களை மன்னித்துவிட்டேன். அவனை மன்னிக்கவில்லை. இதை எழுதுகிறபோதும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

கார்டு என்றால் கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டரில் கேம் ஆடும்போது படத்தை வேகமாக வரைந்து தள்ளுகிற சாமான். செங்கல் கனம், மூன்று ஃபேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாகப் பதினோரு பேர் சேர்ந்து, மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தருவார்கள் என்று மதுரையில் ஒரே மாடலை வாங்கினோம். அதுதான் வினை. ஆளுக்கொரு கார்டு வாங்கியிருந்தால் அவரவர் கார்டை அவரவர் புகழ்ந்துகொண்டு நிம்மதியாக இருந்திருப்போம். ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூட வாசலில் மார்க் விசாரிப்பது மாதிரி, காலையில் எழுந்ததும் குரூப்பைத் திறந்து யாருடையது எத்தனை டிகிரி, யாருடையது எம்புட்டு ஓவர்கிளாக் தாங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். ஓவர்கிளாக் என்பது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி நாமே கூட்டி ஓட்டுவது. கூட்டக் கூட்ட, வேகத்தை அளக்கிற சாப்ட்வேர் காட்டும் ஸ்கோர் ஏறும், சூடும் ஏறும், சூட்டை இறக்க ஃபேன் கத்தும். ஸ்கோர் நிறைய, சூடு குறைய, சத்தமும் குறைய யார் ஓட்டுகிறாரோ அவர் பெரிய ஆள்.

பெரிய ஆளாக நான்தான் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் ஓடுகிற ஆயிரக்கணக்கான ஸ்பின்டில்களைப் பார்த்த கைக்கு மூன்று ஃபேன் ஒரு பெரிய விஷயமா? எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு உண்டு. அது ஃபேனுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டு காற்றை அடைக்கும். கார்டு சூடானால் என்னிடம் கொண்டுவருவார்கள். பிரித்து, பஞ்சை எடுத்து, சூட்டைக் கடத்தத் தடவியிருக்கிற பழைய பேஸ்டை வழித்துப் புதிது தடவிக் கொடுப்பேன். ஐந்தாறு டிகிரி இறங்கும். காசு வாங்கியதில்லை. மில்லில் நான் என்ன சொன்னாலும் சூப்பர்வைசர் அதற்கு மேல் ஒன்று சொல்வார். வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதினோரு பேர் நடுவில் மட்டும் நான் சொன்னால் சொன்னதுதான். "அண்ணாச்சி பாத்துட்டாரா? அப்ப சரி" என்பார்கள். அந்த "அப்ப சரி" எனக்குப் பெரிய சொத்து.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். மில்லுக்குள் பேச்சு கேட்காது. கையை ஆட்டி, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அதனால் ஒரு பேரிங் நன்றாக இருக்கிறதா என்று நாங்கள் காதால் பார்ப்பதில்லை. ஓடுகிற இடத்தில் நடுவிரல் நகத்தை லேசாக வைப்போம். நகத்தில் நடுக்கம் இல்லையென்றால் மெஷினில் சத்தம் இல்லை என்று அர்த்தம். புதுக் கார்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டு மூன்று ஃபேனிலும் நகம் வைத்துப் பார்த்தேன். நடுக்கமே இல்லை. சத்தமே இல்லை என்று எழுதிவிட்டேன். அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் என் வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன்தான் அவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான், கல்யாண வீடியோ எடிட்டிங். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும், தாலி மாதிரி கழற்றவே மாட்டான். "என் காது சவுண்ட் எடிட்டிங் காது" என்று அவனே சொல்லிக்கொள்வான். என் கார்டை ஓட்டிக் காட்டினேன். செத்த நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்குக் கேக்கலியா?"

"எது தம்பி?"

"கீச்சுனு ஒண்ணு வருதே. கார்டுக்குள்ள கம்பிச் சுருள் இருக்குல்ல, அந்தக் காயில் சத்தம். சில்வண்டு மாதிரி கத்திக்கிட்டிருக்கு."

"நல்லா இருக்கே. நகம் வச்சுப் பாத்தேன்."

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. நான் ஸ்கோரைப் பார்க்கத் திரும்பினேன். என் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கவாட்டில் கறுப்புக் கண்ணாடி. அதில் எனக்குப் பின்னால் இருப்பது தெரியும். அவன் என் முதுகுக்கு ஒரு அடி தள்ளி நின்று வாயசைத்துக்கொண்டிருந்தான். நான் திரும்பவில்லை, ஏனென்றால் என் காதில் ஒன்றும் விழவில்லை. மறுபடி ஏதோ சொன்னான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கண்ணாடியில் அவன் உதட்டைப் படித்தேன். இருபது வருடம் மில்லில் படித்த படிப்பு. "செவிட்டு அண்ணாச்சி, செவிட்டு அண்ணாச்சி" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

காப்பித் தட்டோடு என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் ஆச்சரியம் இல்லை. அந்த ஆச்சரியம் இல்லாததுதான் என்னைச் சுட்டது. நாலு பேரும் காப்பியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் அவன் குரூப்பில் எழுதிவிட்டான். "சத்தமே இல்லைன்னு எழுதுனவருக்குக் காதே இல்லை. மில் ரிவ்யூ." அதோடு சிரிப்புப் பொம்மை ஒரு வரிசை. அன்றைக்கிருந்து யார் எதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதினாலும் கீழே "மில் ரிவ்யூ" என்று ஒருத்தன் போடுவான். அறுபது டிகிரிதான் என்றால் மில் ரிவ்யூ. ஸ்கோர் ஏறிவிட்டது என்றால் மில் ரிவ்யூ. என்னிடம் கார்டு கொண்டுவருவது நின்றுபோனது. சங்கரன்கோவில் முக்கில் எதிரே வந்த குரூப்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, குழந்தையிடம் பேசுவது மாதிரி, உரக்க, நிறுத்தி நிறுத்தி நலம் விசாரித்தார். அவர் நல்லவர்தான். அதற்காகவே அவரை அடிக்கலாம் போலிருந்தது.

அதற்கடுத்த வாரம் மனைவியை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். சாமி கும்பிட என்று சொல்லித்தான் போனேன். மலை அடிவாரத்தில் மரங்கள் அடர்ந்து நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சின்ன வயதில் அந்த இடத்தில் சில்வண்டுச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

"சில்வண்டு கத்துதா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு சொன்னாள். "கத்துது. நீங்க கேட்ட பொறவுதான் நானே கவனிச்சேன். காது கிழியுது."

எப்போதிருந்து அவள் என்னிடம் முகத்துக்கு நேராக வந்து நின்று பேசுகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஏழெட்டு வருடம் இருக்கும். பிரியத்தில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் மில்லின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சோறு போட்ட இடத்தின் மேல் கோபப்பட்டுப் பழக்கமில்லை. முழுக் கோபமும் அந்த ஹெட்போன்காரன் மேல் போய் உட்கார்ந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டான், அதுவும் காப்பி குடிக்க வந்த வீட்டில்.

பிறகு நான் வளர்த்தது வன்மம். வேறு பெயர் எதுவும் அதற்குப் பொருந்தாது. குளிக்கும்போது அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்ப்பேன். சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது அவன் கார்டு புகைவதை நினைத்துப் பார்ப்பேன். என் கார்டை ஒரு வாரத்துக்கு ஒரு புள்ளி வீதம் கூட்டி, நகம் வைத்து, குறைத்து, மறுபடி கூட்டிப் பழக்கினேன். மனைவி ஒருநாள் கேட்டாள்: "இந்தப் பொட்டிய வச்சு யாரப் பழிவாங்கப் போறீக?"

"பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

பங்குனிக் கடைசியில் அவனே போன் செய்தான். மனைவிதான் எடுத்துப் பேசி எனக்குச் சொன்னாள். அவன் கார்டு நாலைந்து டிகிரி சூடு கூடுதலாகக் காட்டுகிறதாம், பிரித்துப் பார்க்க வேறு ஆள் இல்லையாம், அண்ணாச்சி மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் ஒருநடை வரணுமாம். மனசில் வைத்துக்கொள்ளாமலா? அப்போது என் மனசில் அவனைத் தவிர வேறு எதுவுமே இல்லை. வாரேன் என்று சொல்லச் சொன்னேன்.

அன்றைக்குப் பகல் ஷிப்ட் இல்லை. வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மடவார்வளாகம் தாண்டி, தேரடிப் பக்கம் அவன் ஸ்டுடியோவில் இறங்கினேன். ஒன்றை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். போகும்போது நான் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. வேலை செய்து கொடுத்து, அவனை வெட்கப்பட வைக்க வேண்டும் என்றுதான் போனேன். "பாத்தியா, செவிடன் சரிபண்ணிட்டான்" என்று குரூப்பில் அவன் கையாலேயே எழுத வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கார்டை வேகமாக ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு ஃபேனாக நகம் வைத்தேன். முதல் ஃபேன் சுத்தம். மூன்றாவதும் சுத்தம். நடு ஃபேனில் நகம் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பேரிங் வறண்டு, மணலை அரைப்பது மாதிரி ஒரு பொடி நடுக்கம். கல்யாண வீடியோவுக்காக நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறான். இன்னும் எந்தக் காதுக்கும் கேட்காது, சவுண்ட் எடிட்டிங் காதுக்கும் கேட்காது. நகத்துக்கு மட்டும் கேட்கும். ரிங் ஃப்ரேமில் இந்த நடுக்கம் வந்தால் அன்றைக்கே கழற்றிவிடுவோம். விட்டால் ஒருநாள் முழு வேகத்தில் ஓடும்போது வீறிட்டுக்கொண்டு நிற்கும்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

"சத்தம் ஏதும் கேக்குதா அண்ணாச்சி?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே தம்பி" என்றேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பஞ்சை எடுத்தேன், பேஸ்ட் தடவினேன், மாட்டினேன். எட்டு டிகிரி இறங்கியது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, கை கைதான்! இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா? சித்திரையில எல்லாரும் கார்டோட கூடுறோமே, அதுல ஒரு காட்டு காட்டிருவோம்."

"ஏத்துங்க. கார்டு தாங்கும்."

கார்டு தாங்கும்தான். ஃபேனைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்து கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக வண்டியில் பாட்டு முணுமுணுத்தேன். வீட்டில் மனைவி பால்கோவாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன விசேஷம்?" என்றாள். கார்டு சரியாகிவிட்டது என்றேன்.

சித்திரைக் கடைசி ஞாயிறு, கத்திரி வெயில். எங்களில் ஒருவர் குடும்பத்துக்கு ராஜபாளையத்தில் கல்யாண மண்டபம் இருந்தது. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பந்தி ஹாலைத் திறந்துவிட்டார். பதினோரு பேரும் அவரவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தோம். எல்லோருக்கும் ஒரே சூடு இருக்க வேண்டும் என்று சீலிங் ஃபேன்களை நிறுத்தி, கதவு ஜன்னலை மூடுவது எங்கள் ஏற்பாடு. கார்டிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு போனை வைத்துச் சத்தத்தை அளப்போம். யார் முழம் என்று சண்டை வந்து, மண்டபக்காரர் முழம்தான் கணக்கு என்று முடிவாகியிருந்தது. எல்லோரும் பனியனோடு நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

என் முறை முதலிலேயே வந்துவிட்டது. ஸ்கோர் நன்றாக வந்தது. காயில் கீச்சிடாத வேகம் எது என்று மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன். போனைப் பார்த்துவிட்டு மண்டபக்காரர் தலையாட்டினார். யாரும் "மில் ரிவ்யூ" என்று சொல்லவில்லை. அது போதவில்லை எனக்கு.

அவன் முறை கடைசி. வேண்டுமென்றே கடைசியில் வைத்துக்கொண்டான். முதல் சுற்றிலேயே என் ஸ்கோரைத் தாண்டிவிட்டான். கைதட்டினார்கள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இன்னும் இருக்கு" என்று விரலைக் காட்டிவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்து, கிளாக்கை இன்னும் ஏற்றினான்.

எல்லோரும் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். நான் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் எப்படி வரும், எப்போது வரும் என்று அத்தனை நாள் நினைத்து நினைத்து வைத்திருந்தேன். அது வரும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பதுகூடத் தீர்மானம் ஆகியிருந்தது. "ஏதோ சத்தம் கேக்குது போலிருக்கே" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஜன்னலோரம் நின்றவர் தோளைக் குறுக்கினார். பக்கத்தில் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். மண்டபக்காரர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். வென்டிலேட்டரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஒன்றாகக் கிளம்பின. ஒரு முழம் தள்ளியிருந்த போனில் நம்பர் எகிறியது. அவன் வாய் திறந்து மூடியது. சுவிட்சைத் தேடி அவன் கை மேஜை மேலெல்லாம் அலைந்தது. பத்துப் பேரும் ஏதேதோ கத்தினார்கள். எனக்கு என் மூச்சு தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நான் மேஜையில் நகத்தை வைத்துப் பார்த்தேன். தகரத்தில் நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. கார்டு தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு இல்லை. உதட்டைப் படித்தேன். "ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா அண்ணாச்சி?"

அதற்குள் மண்டபக்காரர் என் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு கேட்டார்: "இதாவது கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு" என்றேன்.

ஃபேன் ஒன்றுதான் போயிருந்தது. புது ஃபேனை நானே மாட்டிக் கொடுத்தேன். அவன் பணிவாக நின்று வாங்கிப்போனான். யாராவது அளந்துவிட்டால் குரூப்பில் இப்போது "ஸ்டுடியோ ரிவ்யூ" என்று போடுகிறார்கள். அதை யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கார்டுகள் மறுபடி என் வீட்டுக்கு வருகின்றன. "அண்ணாச்சி பாத்துட்டாரா? அப்ப சரி."

அன்று மண்டபத்திலிருந்து வந்ததும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்டுடியோவில் நகம் வைத்ததிலிருந்து எல்லாம். அவள் திட்டவில்லை. அவளுக்கும் அந்தக் காப்பித் தட்டு ஞாபகம் இருந்தது. எதிரே உட்கார்ந்து ஆசையாகக் கேட்டாள்.

"எப்படிக் கத்துச்சு? சொல்லுங்களேன்."

நான் யோசித்தேன். எதையாவது சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அவன் எனக்குச் சொல்லித் தந்ததுதான்.

"சில்வண்டு மாதிரி" என்றேன்.